அவகாசம் கேட்டவன்

1

மலேயாவில் இருப்பவர் ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தார். கொழும்பில் இருப்பவர் கப்பல் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டையும் இந்தப் பத்திரிகையில்தான் படித்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்தை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் யாராயிருந்தாலும் எழுதலாம் என்று ஆசிரியர் போட்டிருந்ததால் நானும் எழுதத் துணிந்தேன். நான் இருப்பது பெங்களூரில். தயவுசெய்து சிரிக்க வேண்டாம். ஓசூரில் பஸ் ஏறி, ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற ஊர்தான். ஆனால் கடல் தாண்டியவர்கள் காலம் முடிந்தால் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறேன், திரும்பி மட்டும் வரவில்லை. அதனால் இதையும் வெளிநாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. எங்கள் மிஷின் ஷாப் சூப்ரண்டண்ட் கன்னடத்தில் பேசினார். வருஷா வருஷம் ஒரே பேச்சுதான். வேலையில் முன்னுக்கு வர ஆசை வேண்டும். ஆசை இருந்தால் போதாது, வாய் திறந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்டு உயர்ந்தவர் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்று என் பக்கம் கையை நீட்டுவார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காருவேன். கோவிலில் சுவாமியைத் திரை விலக்கிக் காட்டுவது மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை என்னைக் காட்டுகிறார்கள்.

இந்த வருஷம் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று எழுதித் தந்த என் ஐந்து வருஷப் பாண்டு இந்த மாதத்தோடு முடிகிறது. அசிஸ்டெண்ட் போர்மேன் வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். அதற்கு இன்னொரு ஐந்து வருஷம் எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுவிடு என்றார். நான் மறுக்கக்கூடும் என்கிற எண்ணமே அவர் முகத்தில் இல்லை.

அந்த ஐந்து வருஷம் முடிய வேண்டும் என்றுதான் நான் ஐந்து வருஷமாகக் காத்திருந்தேன்.

2

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிக்குப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு, கொஞ்சம் கேழ்வரகு. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, ஓசூரில் கால் வைத்தால் பாதிப் பேச்சு கன்னடம். ஒரே வாக்கியத்தை ஒரு பாஷையில் ஆரம்பித்து இன்னொன்றில் முடிப்போம், அதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எனக்கு மூன்று பாஷை தெரியும் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றும் அரைகுறை என்பது பிறகுதான் தெரிய வந்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் முதலாளியின் பட்டறையில் நானும் ஓசூர் முனிராஜுவும் ஒன்றாக வேலை கற்றோம். பிறகு அவன் அக்கா ராஜம்மாவை நான் கட்டிக்கொண்டேன். அதுவரை என்னை மாதப்பா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், தாலி கட்டிய மறுநாளிலிருந்து மாமா என்றும் வாங்க போங்க என்றும் மாறிவிட்டான். எனக்குத்தான் சில மாதம் கூச்சமாக இருந்தது.

எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே ஆசை. ஓசூரில் சொந்தமாக ஒரு லேத்து, அதாவது இரும்பைக் கடைகிற மிஷின், போட வேண்டும். அப்போதுதான் எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு ஆயில் இஞ்சின் பம்பு வர ஆரம்பித்திருந்தது. பம்பில் ஒரு தண்டு தேய்ந்தால் போதும், விவசாயி அதைக் கோணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பெங்களூருக்கோ சேலத்துக்கோ போவான். அவன் திரும்பி வருவதற்குள் பயிர் வாடிவிடும். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லேத்து இருந்தால் அஞ்செட்டி மலைக்காரன்கூடக் காலையில் வந்து சாயங்காலம் தண்டோடு திரும்பலாம். இதைப் பற்றிப் பேசிப் பேசியே நாங்கள் எத்தனையோ டீ குடித்திருக்கிறோம். முன்னுக்கு வர வேண்டும் என்கிற ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. அது இருந்த இடம் வேறு, அவ்வளவுதான்.

பழைய லேத்து ஒன்று தேடிப் பிடிப்பது முனிராஜுவின் பொறுப்பு. பெங்களூரில் புதிதாக வந்திருந்த பெரிய கம்பெனியில் ஒரு வருஷம் லேத்து ஓட்டுகிற டர்னராக இருந்து நுணுக்கமான வேலையைக் கற்றுக்கொண்டு வருவது என் பொறுப்பு. அப்படித்தான் எல்லை தாண்டினேன்.

3

வேலை கற்றுக்கொண்டேன். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, இரும்புத் தண்டில் திருகு மரை வெட்டுவதில் எங்கள் ஷாப்பில் என்னைக் கூப்பிட்டுத்தான் காட்டச் சொல்வார்கள். வருஷம் முடிகிற சமயத்தில், பிடித்தவர்களைக் கம்பெனி நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதாகச் சேதி வந்தது. ஐந்து வருஷத்துக்குப் பாண்டு எழுதித் தர வேண்டும். ஒவ்வொருவராகச் சூப்ரண்டண்ட் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த வாரம் முனிராஜு கோயமுத்தூர்ப் பக்கம் போயிருந்தான், யுத்த காலத்து லேத்து ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு. அது அமைந்ததா இல்லையா என்று எனக்கு அப்போது தெரியாது. அமைந்துவிட்டால் மறுநாளே கிளம்பிவிடுவேன். அமையாவிட்டால் யோசிக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்க நினைத்தது.

சூப்ரண்டண்ட் இருக்க இஷ்டமா என்று கன்னடத்தில் கேட்டார். நான், "ஸ்வல்ப அவகாச கொடி சார்" என்றேன்.

கொஞ்சம் என்பதற்கு ஸ்வல்ப. கொடுங்கள் என்பதற்குக் கொடி. நடுவில் உள்ள சொல்லுக்குத்தான் கன்னடம் தெரியவில்லை. தமிழ்ச் சொல்லின் வாலை நறுக்கினால் கன்னடம் ஆகிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மரம் என்பது மர, பட்டணம் என்பது பட்டண. பாதிச் சொற்களுக்கு இது பலிக்கவும் செய்யும். அதனால் நம் அவகாசத்தின் வாலையும் நறுக்கி வைத்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு என்னென்னமோ வேகமாகச் சொன்னார். ஒரு வாரம் கேட்டதற்கு இவ்வளவு சந்தோஷமா, நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பகல் சாப்பாட்டில் இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தப்பா என்பது அவன் பெயர், உறவு அல்ல. தும்கூர்ப் பக்கத்துக்காரன், பக்கத்து மிஷினில் வேலை, என்னைவிட மூத்தவன். முதன்முதலில் வீட்டில் அவனைப் பற்றிச் சொன்னபோது எந்தச் சித்தப்பா என்று ராஜம்மாகூடக் கேட்டாள். நான் சொன்னதைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் ராகிக் களி புரையேறிவிட்டது. கன்னடத்தில் அவகாச என்றால் வாய்ப்பு. எனக்குக் கொஞ்சம் வாய்ப்புக் கொடுங்கள் சார், முன்னுக்கு வந்து காட்டுகிறேன் என்றல்லவா நீ கேட்டிருக்கிறாய் என்றான். நேரம் வேண்டுமென்றால் சமய என்று சொல்லியிருக்க வேண்டுமாம்.

தெலுங்கிலும் அதற்கு அதே அர்த்தம்தான் என்று ராஜம்மா பிறகு சொன்னாள். அவள் வீட்டுப் பாஷை தெலுங்கு. ஆக, என் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

4

சாயங்காலத்துக்குள் விஷயம் கை மீறிவிட்டது. சூபர்வைசர் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார்கள். இத்தனை பேரில் வாய் திறந்து கேட்டவன் இந்த ஓசூர்க்காரன் ஒருவன்தான் என்று சூப்ரண்டண்ட் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் காலையில் அதைச் சரி செய்யப் போனேன். சித்தப்பா சொல்லிக் கொடுத்த சொல்லை வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டு போய், எனக்குச் சமயம் வேண்டும் சார், நான் கேட்டது அதுதான் என்று கன்னடத்தில் சொன்னேன். வேண்டும்தான், யார் இல்லை என்றது என்றார் அவர். ஒரே நாளில் யாரும் சூபர்வைசர் ஆகிவிட முடியாது, ஆறு மாதம் பயிற்சி இருக்கிறது, பயப்படாதே என்று தட்டிக் கொடுத்து அனுப்பினார்.

அன்று மத்தியானமே மறுபடி போனேன். இந்த முறை சுற்றி வளைக்காமல், ஊருக்குப் போக வேண்டும் சார் என்றேன். இதில் தப்பாகப் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று சித்தப்பாவே சொல்லியிருந்தான். அவர் முகம் மலர்ந்தது. பெற்றவர்களிடம் நேரில் சொல்ல வேண்டாமா, போய் வா என்று அப்போதே மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். கூடவே ஜாமீன் காகிதத்தையும் கொடுத்து, அப்பாவிடம் கை நாட்டு வாங்கி வரச் சொன்னார்.

வெளியே வந்து சித்தப்பாவிடம் சீட்டைக் காட்டினேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. விட்டுவிடு, இனி நீ வாயைத் திறந்தால் உன்னை மானேஜராக்கிவிடுவார்கள் என்றான்.

அப்பாவிடம் சொல்லி, அவர் மூலமாக மறுத்துவிடலாம் என்று ஊருக்குப் போனேன். நிரந்தரமாக்குவதற்கான கம்பெனி விசாரணை எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. என் நடத்தை எப்படி, குடும்பம் எப்படி என்று கேட்டுக் கிராம முன்சீப்பிடம் ஆள் வந்து போயிருக்கிறது. முன்சீப் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். அப்பா அவர் வீட்டு வாசலில் ஓரமாக நின்று பேசிப் பழகியவர். அன்று என்ன நடந்தது என்பதை அப்பா என்னிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

"முன்சீப்பு எழுந்து நின்னு பேசினாருடா எங்கிட்ட."

காகிதத்தை எடுத்து வைத்தேன். அப்பா கட்டை விரலை நன்றாகத் துடைத்துவிட்டு நாட்டு வைத்தார். தோப்பு ஜாமீன்.

திரும்பும் வழியில் ஓசூரில் இறங்கினேன். முனிராஜுவுக்கு லேத்து அமைந்துவிட்டிருந்தது. லாரியிலிருந்து இறக்கி, தென்னங்கீற்றுக் கொட்டகையில் நிறுத்தி, அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். நடந்ததையெல்லாம் அவனிடம் மட்டும்தான் உள்ளபடி சொன்னேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டிருந்தால் ஒருவேளை காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். அவன் மிஷின்மேல் கையை வைத்தான்.

"போய்ட்டு வாங்க மாமா. அஞ்சு வருசம்தான. நான் ஓட்டிக்கினு இருக்கறேன். நீங்க எப்ப வந்தாலும் இதுல பாதி உங்களுது."

5

சூபர்வைசர் ஆனதும் முதலில் சொல்லித் தந்தது, மிஷினைத் தொடக் கூடாது என்பது. தொழிலாளி செய்ய வேண்டிய வேலையைச் சூபர்வைசர் செய்தால் சங்கம் சண்டைக்கு வரும், ஆபீசும் கண்டிக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஆரம்பத்தில் பெரிய அவஸ்தை. ஒருவன் மிஷினில் வெட்டுகிற டூலைத் தப்பாகக் கட்டினால் என் விரல்கள் தானாகவே முன்னால் போகும், இழுத்துக்கொள்வேன். வெறும் வாயால் சொல்லி வேலை வாங்குவது, பசியோடு பந்தியில் பரிமாறிக்கொண்டு நிற்பது போலத்தான்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது, கொஞ்ச நாளில் எனக்கு அது பிடிக்கவும் ஆரம்பித்தது. ஷாப்புக்குள் நுழைந்தால் பேச்சுச் சத்தம் குறையும். என் கோட்டுப் பையில் இரண்டு பேனா இருக்கும். வேலையில் முதலாக வந்ததற்கு எங்கள் பகுதிக்கு அந்த வருஷக் கேடயம் கிடைத்தபோது ராத்திரியெல்லாம் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. இல்லாத ஆசையை இருப்பதாகச் சொல்லிச் சொல்லியே சூப்ரண்டண்ட் எனக்குள் அதை முளைக்க வைத்துவிட்டார். அது பொய்யாக முளைத்தாலும் வேர் என்னவோ நிஜமாகத்தான் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஓசூரை நினைத்துக்கொள்வேன். திங்கட்கிழமை காலையில் அடுத்த கேடயத்தை நினைத்துக்கொள்வேன்.

சித்தப்பா அதே மிஷினில்தான் இருந்தான். எனக்கு அவகாசப்பா என்று பெயர் வைத்து ஷாப் முழுக்கப் பரப்பியதும் அவன்தான். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒருநாள் அவனுடைய வேலைச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னான். நீ கேட்டாய், உனக்குக் கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை.

அவன் அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மற்றவர்களைவிட அவனுக்குத் தகுதியும் இருந்தது, கன்னடமும் இருந்தது. எனக்கு வேண்டாததை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், வேண்டியவனுக்குக் கொடுக்கவும் வழியில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு அடுத்த மிஷினுக்குப் போனேன்.

6

ராஜ்யங்களைப் பாஷைப்படி பிரித்த பிறகு இன்னொரு வேடிக்கை ஆரம்பமாயிற்று. அதுவரை எங்களுக்கு ஓசூர் பக்கத்து ஊர். பிறகு அது வெளி ராஜ்யம். எங்கே குடியிருப்பு என்பதற்குச் சர்ட்டிபிகேட் கேட்டது கம்பெனி. பெங்களூர்த் தாலுகா ஆபீசில் நீ சேலம் ஜில்லாக்காரன், அங்கே போ என்றார்கள். ஓசூர்த் தாலுகா ஆபீசில் நீ இங்கே குடியிருக்கவில்லையே, அங்கே போ என்றார்கள். இரண்டு ஆபீசுக்கும் நடுவில் இருக்கிற அத்திப்பள்ளி டீக்கடையில் உட்கார்ந்து, நான் எங்கேயும் குடியிருக்கவில்லை போலிருக்கிறது என்று கடைக்காரரிடம் சொன்னேன். டீக்குக் காசு வந்தால் சரி, அதற்கு மேல் அவருக்குக் கவலை ஒன்றுமில்லை.

சோதனைச் சாவடி வேறு. பெங்களூர்ப் பக்கம் சாராயக் கடை உண்டு, ஓசூர்ப் பக்கம் மதுவிலக்கு. பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளை முகர்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை அம்மாவுக்கு வாங்கிப் போன விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்து, ஒரு போலீஸ்காரர் சந்தேகம் தீராமல் விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் மூட்டையை அவர் சோதித்ததே இல்லை.

சரோஜா, என் மகள், கன்னடப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பாட்டும் கன்னடம், சண்டையும் கன்னடம், தூக்கத்தில் உளறுவதும் கன்னடம். நான் தமிழில் கேட்டால் பதில் தமிழில் வரும், ஆனால் யோசித்து வரும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இரண்டாம் நாளே என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நம்ம ஊருக்கு எப்ப போறது?" என்று கேட்டாள். சுற்றிலும் என் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் நடந்த அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய் ராஜம்மாவிடம் போர்மேன் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். அசிஸ்டெண்ட் போர்மேன் ஆனால் கொடுக்கிற வீட்டில் குழாய் உள்ளேயே இருக்கும். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை, ஓசூருக்குப் போய்விடலாம் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"முனிராசு கூப்ட்டானா?"

பேசியதுதானே, அவன் எதற்குத் தனியாகக் கூப்பிட வேண்டும் என்றேன். அவள் களைந்த அரிசியை உலையில் போட்டாள். ராத்திரி படுத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். முதல் இரண்டு வருஷம், போகும்போதெல்லாம் எப்ப மாமா வர்றீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தான். எப்போது கேட்பதை நிறுத்தினான் என்று எனக்கு நினைவில்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. போய் நேரில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அவன் சரி என்றால் திங்கட்கிழமை சூப்ரண்டண்டிடம், எந்தப் பாஷையில் சொன்னாலும் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாதபடி, முடியாது என்று சொல்லிவிடலாம்.

7

கொட்டகைக்கு இப்போது ஓடு போட்டிருக்கிறான். அதே லேத்துதான், ஆயில் இஞ்சினிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமையானாலும் கூட்டம். கரும்பு ஆலை உருளை ஒன்று, பம்புத் தண்டுகள், வண்டி அச்சு. என்னைப் பார்த்ததும் வாங்க மாமா என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான், அக்காவையும் சரோஜாவையும் விசாரித்தான். வந்த விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அஞ்செட்டியிலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர் அவசரப்படுத்தினார். அவருடைய பம்புக்குப் புதிதாகக் கடைந்த தண்டில் மரை வெட்ட வேண்டும். மலைக்குப் போக மத்தியானம் ஒரே ஒரு பஸ், விட்டால் மறுநாள்தான்.

நல்ல சகுனமாகத்தான் எனக்குத் தோன்றியது. நாங்கள் டீ குடித்துக்கொண்டு பேசிய அதே அஞ்செட்டிக்காரர், அதே தண்டு.

நான் வெட்டறேன் முனிராஜு என்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"வாங்க மாமா, வாங்க. உங்க மிசின்தான" என்று அவன் சந்தோஷமாக விலகி இடம் விட்டான்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு மிஷின் முன்னால் நின்றேன். எண்ணெய் வாசனையும் பெல்ட் அடிக்கிற சத்தமும் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. மரை வெட்டுவது ஒரே ஓட்டத்தில் முடிகிற வேலையல்ல. டூல் திரும்பத் திரும்பப் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் முன்பு போன தடத்திலேயே இறங்க வேண்டும். அதற்கு லீவரை அமுக்குகிற நேரம் ஒன்று இருக்கிறது. அதை யோசித்துச் செய்ய முடியாது, கைக்குத் தெரிய வேண்டும். முதல் ஓட்டம் நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் என் கை ஒரு நொடி யோசித்தது. டூல் தடம் மாறி இறங்கியது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, முனிராஜுவுக்கும் தெரிந்திருக்கும். நிறுத்திப் பார்த்தால் ஒரு மரைமேல் இன்னொரு மரை ஏறி, தண்டின் முனை எலி கடித்த கேழ்வரகு அடைபோல் இருந்தது.

எங்கள் ஷாப்பில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நான் சீட்டில் எழுதியிருப்பேன்.

விவசாயி எட்டிப் பார்த்து என்னாச்சு என்றார். முனிராஜு என் முகத்தைப் பார்க்காமல், கம்பியில் கோளாறு, உள்ளே கட்டியாக இருந்திருக்கிறது, வேறு கம்பியில் போட்டுத் தருகிறேன், பஸ்ஸுக்குள் ஆகிவிடும் என்று அவரிடம் சொன்னான். கம்பியில் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே போய் இன்னொரு கம்பி எடுத்து வந்து கட்டினான். நான் இன்னும் மிஷின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அவன் நின்று வேலை செய்ய அந்த இடம் வேண்டும். நகருங்கள் என்று அவன் சொல்லவில்லை, என் தோளை மெதுவாகத் தொட்டான். நகர்ந்தேன்.

அவன் வெட்ட ஆரம்பித்தான். லீவரைப் பார்க்கவே இல்லை, விவசாயியோடு பேசிக்கொண்டே அமுக்கினான். ஒவ்வொரு தடவையும் டூல் தன் தடத்தில் போய் உட்கார்ந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஓவென்று கத்த வேண்டும் போலவும் இருந்தது.

தண்டு முடிந்து, விவசாயி நட்டைப் போட்டுச் சுழற்றிப் பார்த்துத் திருப்தியானார். முனிராஜு உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தான். பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி வைத்திருந்ததோ என்னவோ, பட்டறையில் நாற்காலி நான் பார்த்ததில்லை. வேப்ப மரத்து நிழலில் போட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து உட்காருகிற இடத்தையும் சாய்கிற இடத்தையும் இரண்டு தடவை துடைத்தான். ஆணியிலிருந்து என் கோட்டை எடுத்து உதறி, எண்ணெய் படாமல் இரண்டு விரலால் பிடித்துக் கொண்டு வந்து கொடுத்தான்.

"உக்காருங்க மாமா" என்றான். பிறகு விவசாயியிடம் திரும்பி, "எங்க மாமா பெங்களூர்ல பெரிய ஆபீசருங்க. அங்க மிசினத் தொடவே மாட்டாரு" என்றான்.

கேலி இல்லை. குரல் நிறையப் பெருமைதான். விவசாயி துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

நான் உட்கார்ந்தேன். முனிராஜு டீ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டு, எதிரில் நின்றபடியே கேட்டான்.

"என்னா விசயமா வந்தீங்க மாமா?"

"சும்மாதான்" என்றேன். "பாத்துட்டுப் போலாம்னு."